வீட்டு வானிலை நிலையம்: கருவித் தேர்வும் மின்வசதியும்

2005-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 26-ஆம் நாள் காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரை, மும்பை நகரின் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் பதிவான மழை 944 மில்லிமீட்டர். அதே நகரின் தென்முனையிலுள்ள கொலாபா நிலையத்தில், அதே 24 மணி நேரத்தில் பதிவானது 73 மில்லிமீட்டர் மட்டுமே. இரு நிலையங்களுக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். கொலாபாவின் கணக்கை மட்டும் பார்த்தவர், அது பருவமழைக் காலத்தின் சாதாரண நாள்களில் ஒன்று என்றே கருதியிருப்பார்.

மழை நிலத்தின்மீது சமமாகப் பரவுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 1875-இல் நிறுவப்பெற்ற இந்திய வானிலை ஆய்வுத் துறை, நாடெங்கும் நிலையங்களை ஆண்டுதோறும் பெருக்கி வருகிறது. ஆயினும் ஒரு நிலையத்திற்கும் அடுத்ததற்கும் இடையே பல ஊர்கள் அளவீடின்றியே நிற்கின்றன. அவ்விடைவெளியில் ஒரு பள்ளியோ, ஊழியர் ஒருவரின் இல்லமோ நம்பத்தக்க பதிவை வைத்திருக்குமாயின் அது ஊருக்குப் பெரும் உதவியாகும். கேரளத்தில் மீனச்சில் ஆற்றுப் படுகையில் பள்ளி மாணவரும் பொதுமக்களும் தத்தம் ஊர்களில் மழையை அளந்து ஒருவருக்கொருவர் அறிவித்து வருகின்றனர். மலைச்சரிவில் பெய்த மழையின் அளவு தெரிந்தால், கீழ்ப்பகுதியில் இருப்போருக்கு வெள்ளம் வருமுன் சில மணி நேரம் கிடைக்கிறது.

முன்னாளில் ஒரு வானிலை நிலையம் அமைக்க வேலியிட்ட நிலமும், மரச்சட்டக் கூண்டும், பாதரச வெப்பமானிகளும், எல்லாவற்றினும் மேலாகத் தவறாது வந்து பார்க்கும் ஆளும் வேண்டியிருந்தன. இன்று மழைமானி, காற்றுமானி, வெப்பமானி, ஈரமானி யாவும் ஒரே தண்டில் பொருத்தப்பட்டு, வானொலி அலை வாயிலாக வீட்டினுள் இருக்கும் காட்சிப் பெட்டிக்குச் செய்தி அனுப்பும் சிறு நிலையங்கள் கடைகளில் கிடைக்கின்றன. விளம்பரங்கள் எத்தனை வகை அளவீடுகள் என்பதையே பெரிதாகப் பேசுகின்றன. வாங்குவோர் கேட்கவேண்டிய வினாக்களோ வேறு. இதனை எங்கே நிறுத்தப் போகிறோம்? விடாது மழை பெய்யும் ஐந்தாம் நாள் இரவில், ஊரில் மின்சாரமும் இல்லாதபோது, இது எதனால் இயங்கும்? இவ்விரண்டாம் வினாவிற்கு விடையின்றி வாங்கப்பெறும் கருவி, நல்ல வெயில் நாள்களையெல்லாம் சீராகப் பதிந்துவிட்டு, பதிவு மிகவும் தேவைப்படும் நாளில் மௌனமாகிவிடும்.

மழைமானி

கைப்பொருள் குறைவாயின் மழையை மட்டும் அளந்தால் போதும். அதற்கு மின்சாரமே வேண்டியதில்லை. நம் நாட்டு நிலையங்களில் வழங்கும் சாதாரண மழைமானியின் வாய்ப்பரப்பு 100 அல்லது 200 சதுர சென்டிமீட்டர். வாயின் விளிம்பு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். 200 சதுர சென்டிமீட்டர் வாயுடைய மானியில் 1 மில்லிமீட்டர் மழைக்கு 20 கன சென்டிமீட்டர் நீர் சேரும். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து, அந்நாளின் தேதியிலேயே குறிப்பது நம் நாட்டு வழக்கம். 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்த நாளே மழை நாள் எனக் கணக்கிடப்படும்.

மின்னணு நிலையங்களில் பெரும்பாலும் இருப்பது சாயும் வாளி மழைமானி. புனலின் கீழே, ஏற்றப்பலகையைப் போல, இரு சிறு கிண்ணங்கள் ஓர் அச்சில் நிற்கின்றன. ஒரு கிண்ணத்தில் 0.2 மில்லிமீட்டர் மழைக்குரிய நீர் சேர்ந்தவுடன் அது சாய்ந்து நீரைக் கொட்டும். மற்றது புனலின்கீழ் வந்து நிற்கும். ஒவ்வொரு சாய்விலும் ஒரு காந்தம் சிறு மின்விசையைத் தொட்டு மீள்கிறது. அதுவே ஓர் எண்ணிக்கை. மிக எளிய அமைப்பு, மின்செலவோ இல்லையெனலாம்.

இதன் குறை பெருமழையில் தெரியும். கிண்ணம் சாய்ந்துகொண்டிருக்கும் சிறுபொழுதில் புனலிலிருந்து விழும் நீரில் ஒரு பகுதி கணக்கில் சேராது போகும். மணிக்கு 120 மில்லிமீட்டர் வீதம் பெய்யும்போது 6 வினாடிக்கு ஒரு சாய்வு நிகழ வேண்டும். சாய்வதற்கு அரை வினாடி செல்லுமெனக் கொண்டால், நூற்றுக்கு 8 பங்கு வரை விட்டுப்போக இடமுண்டு. மேகாலயத்தின் சிரபுஞ்சியில் 1995-ஆம் ஆண்டு ஜூன் 16 அன்று 24 மணி நேரத்தில் 1,563 மில்லிமீட்டர் மழை பெய்தது. இத்தகைய மானியொன்று அதனை எண்ணியிருந்தால் 7,815 முறை, அதாவது சராசரியாக 11 வினாடிக்கு ஒரு முறை, சாய்ந்திருக்க வேண்டும். இக்கணக்கை மாணவர்களைக் கொண்டே போடச் செய்யலாம். பெருமழை என்பது என்ன என்று அவர்களுக்கு வேறெவ்வகையிலும் இவ்வளவு எளிதில் விளங்காது.

நடைமுறையில் மழைமானியைக் கெடுப்பவை எறும்பு, சிலந்தி வலை, உதிர்ந்த இலை, பறவை எச்சம் ஆகியவையே. புனல் அடைபட்டால் காட்சிப் பெட்டி எவ்விதப் பிழையும் அறிவிக்காது; மழையே இல்லையென்று அமைதியாகக் கூறிக்கொண்டிருக்கும். அண்மைக் காலத்தில், அசையும் உறுப்பின்றி, துளி விழும் அதிர்வைக் கொண்டு மழையைக் கணிக்கும் தகடுகளும் வந்துள்ளன. அவை அடைபடுவதில்லை என்பது உண்மையே. ஆனால் மென்தூறலைத் தவறவிடுவதும், பலத்த காற்றில் தண்டு அதிர்வதை மழையென எண்ணுவதும் அவற்றின் இயல்பு. வெள்ள அளவீட்டை நோக்கமாகக் கொண்டோர் அகன்ற வாயுடைய சாயும் வாளியைக் கொள்வதும், அதனருகே கையால் அளக்கும் சாதாரண மானியொன்றை வைப்பதுமே எம் பரிந்துரை. கைமானியின் தொகை நம்பிக்கைக்குரியது. மின்மானி, அத்தொகை எந்நேரத்தில் எவ்வேகத்தில் பெய்தது என்பதைக் கூறும்.

ஒரே தண்டின் இடர்ப்பாடு

வெப்பமானியின் தொல்லை உணரும் உறுப்பில் அன்று, அதன் குடையில்தான் உள்ளது. நாம் அறிய விரும்புவது காற்றின் வெப்பநிலை. வெயிலில் நின்ற கருவி காட்டுவதோ தன்னுடைய வெப்பநிலை. இதற்காகவே ஸ்காட்லாந்து நாட்டுக் கலங்கரை விளக்கப் பொறியாளரான தாமஸ் ஸ்டீவன்சன் 19-ஆம் நூற்றாண்டில் சாய்வுச் சட்டங்கள் கொண்ட வெண்ணிற மரக்கூண்டை வகுத்தார். நாவலாசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை அவர். இன்றைய வீட்டு நிலையங்களில் அக்கூண்டிற்குப் பதிலாக, கவிழ்த்த தட்டுகளை அடுக்கியதுபோன்ற வெண்ணிற பிளாஸ்டிக் குடை உள்ளது. காற்று வீசும்போது அது நன்றாகவே பயன்படுகிறது. காற்றசையாத கோடை நண்பகலில் குடையே சூடேறி, உண்மையைவிட ஓரிரு டிகிரி மிகுத்துக் காட்டக்கூடும். குடையினுள் சிறு விசிறி வைத்துக் காற்றை இழுக்கும் வகையில் இப்பிழை பெரிதும் நீங்கும். அவ்விசிறிக்கு மின்சாரம் வேண்டுமென்பதைப் பின்னர்க் கணக்கில் கொள்வோம்.

வெப்பமானி தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், புல்தரையின்மேல் நிற்க வேண்டும். சிமெண்டு மொட்டை மாடி இதற்குத் தகாது. காற்றுமானியோ திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில், சுற்றியுள்ள தடைகளின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரத்தில் நிற்க வேண்டும். மழைமானி உயரத்தில் நிற்கவே கூடாது. உயரே வீசும் காற்று துளிகளை வாயினின்றும் விலக்கிவிடும். அருகிலுள்ள மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரு மடங்கு தூரம் தள்ளி, தாழ்வாகவே அதனை வைக்க வேண்டும்.

எனவே, யாவும் ஒரே தண்டில் அமைந்த நிலையத்தை எங்கு நட்டாலும் ஏதேனும் ஒரு கருவிக்கு அநீதி நேரும். உறுப்புகளைத் தனித்தனியே பிரித்து நிறுத்தக்கூடிய நிலையம், அளவீடுகளின் எண்ணிக்கையில் குறைந்திருந்தாலும், மேலானது. பிரிக்க இயலாத வகையே கையிலிருப்பின், மழைக்கும் வெப்பத்திற்கும் ஏற்ற இடத்தில் தாழ்வாக நட்டு, காற்றின் அளவை அவ்விடத்திற்கு மட்டும் உரியதெனக் கொள்ளுதல் நன்று. தெருக்களும் மாடிகளும் நெருங்கிய ஊரில் விதிப்படி காற்றை அளப்பது பெரும்பாலோர்க்கு இயலாத காரியம். அதற்காக வருந்த வேண்டியதில்லை.

அழுத்தமானி வீட்டினுள் இருக்கும் பெட்டியிலேயே அமைந்திருப்பதில் தவறில்லை. காற்றழுத்தம் சுவரைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் உயரம் எட்டு மீட்டர் கூடுந்தோறும் அழுத்தம் ஏறத்தாழ 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உள்ள பெங்களூரில் கருவி 910-ஐ ஒட்டிக் காட்டினால் அது புயலின் அறிகுறியன்று. ஊரின் உயரத்தைப் பெட்டியில் பதித்து, காற்றமைந்த ஒரு நாளில் அருகிலுள்ள வானிலை நிலையத்தின் கடல்மட்ட அழுத்தத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும்.

வாங்குமுன் பெட்டியின் மீது எழுதியுள்ள அலைவரிசையையும் காண்க. நம் நாட்டில் குறைந்த ஆற்றல் கருவிகள் உரிமமின்றி இயங்க 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி விடப்பட்டுள்ளது. அமெரிக்க நாட்டிற்கெனச் செய்யப்பட்டவை 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸில் இயங்குவன. அதன் ஒரு பகுதி இங்குக் கைப்பேசிச் சேவைக்கு உரியது. அயல்நாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் அன்பளிப்புகளில் இவ்விடர் அடிக்கடி மறைந்திருக்கும்.

மின்சாரக் கணக்கு

ஒரு நிலையத்தின் மின்தேவையை அறிய இரண்டு எண்கள் போதும்: சராசரியாக அது உண்ணும் மின்னோட்டம், பாட்டரியின் கொள்ளளவு. வெளித்தண்டிலுள்ள கருவிகள் சில வினாடிகளுக்கு ஒரு முறை விழித்து, செய்தியை அனுப்பிவிட்டு உறங்குபவை. அவற்றின் சராசரி 0.1 மில்லியாம்பியர் எனவும், உள்ளே இரு சாதாரண ஆல்கலைன் மின்கலங்கள் தொடரிணைப்பில் 2,000 மில்லியாம்பியர் மணி அளிப்பன எனவும் கொள்வோம். 2,000-ஐ 0.1-ஆல் வகுக்க 20,000 மணி. இரண்டு ஆண்டுகளுக்கு மேல். கணக்கு இவ்வாறு கூறினும், ஆண்டுக்கொரு முறை மே மாதத்தில், பருவமழைக்கு முன்பே, மாற்றிவிடுவது நல்லது. பள்ளிகளில் கோடை விடுமுறையின்போது மின்கலம் தீர்ந்து, மழையின் முதல் வாரம் பதிவின்றிக் கழிவது புதிதன்று. தீர்ந்த ஆல்கலைன் கலத்தை உள்ளேயே விட்டுவைத்தால் காரநீர் கசிந்து தொடுமுனைகளை அரித்துவிடும். வெயிலில் நிற்கும் பெட்டியில் இது விரைவில் நேரும். விலை சற்று மிகுந்தாலும் 1.5 வோல்ட் லிதியம் உலர்கலம் வெப்பத்தையும் குளிரையும் நன்கு தாங்கும். லே போன்ற பனிநாட்டு ஊர்களில் அதுவே தக்கது. மீண்டும் மின்னேற்றத்தக்க நிக்கல் கலங்கள் 1.2 வோல்ட் மட்டுமே தருவன. அவற்றை ஏற்காத கருவிகளும் உண்டு. கையேட்டைப் பார்த்த பின்னரே இடவேண்டும்.

தண்டின் உச்சியில் சிறு சூரியத் தகடு பொருத்திய நிலையங்கள், பகலில் ஒரு மின்தேக்கியை நிரப்பி இரவைக் கடக்கின்றன. அவற்றுள் மாற்றுக் கலத்திற்கும் இடமுள்ளதா என்று பார்க்க வேண்டும். தேக்கி ஓரிரு இரவுகளுக்கே போதும். வானம் ஒரு வாரம் மூடியிருக்கும் கொங்கணத்திலோ அசாமிலோ மாற்றுக் கலமே நிலையத்தைக் காப்பாற்றும்.

சில ஆசிரியர்களும் இளைஞர்களும் உணரிகளையும் சிறு கணிப்பொறிச் சில்லையும் வாங்கித் தாமே நிலையம் அமைக்கின்றனர். மாணவர்க்கு இதைவிடச் சிறந்த பாடம் அரிது. இங்கேதான் மின்கணக்குப் பெரும்பாலும் தவறுகிறது. வைஃபை வசதியுள்ள சில்லொன்று எப்போதும் விழித்திருந்து, 5 வோல்ட்டில் சராசரி 80 மில்லியாம்பியர் உண்பதாகக் கொள்வோம். ஒரு நாளுக்கு 80-ஐ 24-ஆல் பெருக்க 1,920 மில்லியாம்பியர் மணி. 5 வோல்ட்டால் பெருக்க 9.6 வாட் மணி. எளிமைக்காக 10 எனக் கொள்க. முன்பு கூறிய விசிறிக்குடை வேண்டுமாயின், 0.4 வாட் விசிறி நாள் முழுதும் ஓடுவதற்கு இன்னும் ஏறத்தாழ 10 வாட் மணி தேவைப்படும். பகல் 10 மணி நேரம் மட்டும் ஓடினால் 4 போதும்.

இப்பத்து வாட் மணியைச் சூரியனிடமிருந்து பெறுவது எவ்வாறு? தகட்டின்மீது எழுதியுள்ள வாட் எண், சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி விழும்போது கிடைக்கும் அளவாகும். ஒரு நாளின் ஒளி முழுவதையும் அத்தகைய முழு வெயில் மணிகளாக மாற்றிச் சொல்வது வழக்கம். மேற்குக் கரையில் ஜூலை மாதத்தின் சராசரி நாளொன்றுக்கு 3 முதல் 4 மணி. ஏப்ரலில் 6 மணிக்கு மேல். கார்மேகம் கவிந்த தனியொரு நாளில் ஒரு மணிகூடக் கிடைக்காது. 3 மணி என்றும், தூசு, சூடு, மின்னேற்ற இழப்பு ஆகியவை போக நூற்றுக்கு 65 பங்கே கைக்கு வருமென்றும் கொண்டால், 10-ஐ 1.95-ஆல் வகுக்க 5 வாட்டுக்குச் சற்று மேல் வருகிறது. ஆனால் இருண்ட நாள்களில் குறைந்த பாட்டரியை வெளுத்த நாளில் ஈடுசெய்யவும் வேண்டும். ஆகவே 10 வாட் தகடு இடுக.

பாட்டரி ஐந்து நாளுக்குத் தாங்க வேண்டுமெனில் 50 வாட் மணி வேண்டும். ஈய அமிலப் பாட்டரியைப் பாதிக்கு மேல் வெறுமையாக்கினால் அதன் ஆயுள் குன்றும். எனவே 100 வாட் மணி கொள்ளளவு தேவை. கடைகளில் எளிதில் கிடைக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர் மணிப் பாட்டரியில் 84 வாட் மணியே உள்ளது. நான்கு நாள்களில் நிலையம் தள்ளாடும். லிதியம் இரும்புப் பாஸ்பேட் பாட்டரியில் நூற்றுக்கு 80 பங்கு வரை எடுக்கலாமாதலால் 12.8 வோல்ட் 6 ஆம்பியர் மணி போதுமானது. கைப்பேசிகளில் உள்ள வகை லிதியம் அயனிக் கலங்களை வெயிற்பெட்டியில் வைத்தல் தகாது. 45 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் அவற்றை மின்னேற்றுவது தீங்கு. ராஜஸ்தானத்துப் பலோடியில் 2016-ஆம் ஆண்டு மே 19 அன்று நிழலிலேயே 51 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. அந்நாளில் மூடிய பெட்டியின் உள்ளே எவ்வளவு இருந்திருக்கும் என்பதை நேயர்களே உய்த்துணரலாம். எவ்வகைப் பாட்டரியாயினும் பெட்டியை வெண்ணிறமாக்கி, தகட்டின் நிழலில் தொங்கவிட்டு, காற்றுத்துளைகளை அடிப்புறத்தில் அமைத்து, எறும்பும் குளவியும் புகாதபடி வலையிட வேண்டும்.

தகட்டைத் தென்திசை நோக்கி, அவ்வூரின் அட்சரேகை அளவே சாய்த்து நிறுத்துவது பொதுவிதி: மும்பையில் 19 டிகிரி, டில்லியில் 28 அல்லது 29. தென்கோடி ஊர்களில் விதிப்படி சாய்வு மிகக் குறைந்தாலும் 10 டிகிரிக்குக் கீழ் வேண்டாம். தூசும் எச்சமும் மழையில் கழுவப்படாது தங்கிவிடும். தகட்டின் நிழல் வெப்பமானிக் குடைமீதும், அதன் விளிம்பில் தெறிக்கும் நீர் மழைமானிமீதும் படாதிருக்கட்டும்.

இத்துணைப் பெருக்கத்திற்குப் பதிலாகச் செலவைச் சுருக்கும் வழியொன்றும் உண்டு. அதே சில்லைப் பத்து நிமிடத்திற்கு ஒரு முறை 6 வினாடி மட்டும் விழிக்கச் செய்தால், விழித்திருக்கும் காலம் நூற்றிலொரு பங்காகிறது. உறங்கும்போது உண்ணும் சிறு மின்னோட்டத்தையும் சேர்த்துச் சராசரி 1 மில்லியாம்பியர் என்றால், நாளொன்றுக்கு 0.12 வாட் மணி. 3.2 வோல்ட் 1.5 ஆம்பியர் மணி கொண்ட ஒற்றைக் கலத்தில் 4.8 வாட் மணி உள்ளது. சூரியனே தோன்றாவிடினும் நாற்பது நாள் ஓடும்! பத்து வாட் தகட்டிற்குப் பதில் ஒரு வாட் தகடு போதும். ஒன்றை மட்டும் கவனிக்க: சில் உறங்கும்போது சாயும் வாளியின் எண்ணிக்கை தவறக்கூடாது. ஒவ்வொரு சாய்வும் அதனைக் கணப்பொழுது எழுப்பி எண்ணச் செய்யுமாறு கம்பியிணைப்பும் நிரலும் அமைய வேண்டும். இதனை மறந்தமையால் பெருமழை நாளில் சில துளிகளையே கண்ட நிலையங்கள் உள.

வீட்டினுள் இருக்கும் காட்சிப் பெட்டியும் இணையப் பெட்டியும் சுவர் மின்சாரத்தில் இயங்குவன. புயல் வரும்போது முதலில் நிற்பது அம்மின்சாரமே. 12 வோல்ட் தரும் சிறு தடையிலா மின்வழங்கி சில மணி நேரம் உதவும். ஆயினும் அதைவிட முக்கியமானது, காட்சிப் பெட்டி தன்னுள்ளேயே பதிவைச் சேமிக்கும் நினைவகம் உடையதா என்பது. இணையத்திற்கு அனுப்புவதை மட்டுமே அறிந்த பெட்டி, இணைப்பு அறுந்த நேரத்தின் பதிவை அடியோடு இழந்துவிடும். நினைவகமுடைய பெட்டியும் உலர்கலத்தில் இயங்கத் தக்கதாயிருத்தல் வேண்டும்.

மின்னல் குறித்து ஓர் எச்சரிக்கை. வீட்டின் உச்சியில் உலோகத் தண்டை நட்டு, அதிலிருந்து நீண்ட கம்பியை வீட்டிற்குள் கொணர்வது ஆபத்து. உயரத்தில் நிறுத்தியே தீரவேண்டுமாயின் தண்டிற்கு முறையான நிலஇணைப்பு வேண்டும். இடி முழங்கும்போது மின்கலம் மாற்றவோ புனலைத் துடைக்கவோ எவரும் வெளியே செல்லலாகாது. மாணவரைக் கண்டிப்பாக அனுப்பலாகாது.

ஒப்புநோக்கல்

2024-ஆம் ஆண்டு மே 29 அன்று டில்லியின் முங்கேஷ்பூரிலிருந்த தானியங்கி நிலையம் 52.9 டிகிரி செல்சியஸ் காட்டியது. அதே நாளில் அந்நகரின் சப்தர்ஜங் நிலையத்தில் 46.8. செய்தி நாடெங்கும் பரவிற்று. வானிலைத் துறையினர் முங்கேஷ்பூருக்குச் சென்று தரக்கருவியோடு ஒப்பிட்டுச் சோதித்ததில், உணரி ஏறத்தாழ 3 டிகிரி மிகுத்துக் காட்டியது தெரியவந்தது. பெரிய துறையின் நிலையத்திலும் கருவி பிழைபடக்கூடும். அருகே ஒப்பிடத் தக்க வேறு கருவி இருந்தமையாலேயே பிழை வெளிப்பட்டது. வீட்டு நிலையத்திற்கும் இதுவே முறை. ஒரு பருவத்திற்கு ஒரு முறையேனும் கீழ்க்காணும் சோதனைகளைச் செய்க. இவை வகுப்பில் செய்யவும் ஏற்றவை.

மழைமானியின் வாய் 16 சென்டிமீட்டர் விட்டமுடையதானால் அதன் பரப்பு 201 சதுர சென்டிமீட்டர். 201 கன சென்டிமீட்டர் நீரை, அடியில் ஊசித்துளையிட்ட குப்பியிலிருந்து அரை மணி நேரத்திற்குக் குறையாமல் சொட்டச் செய்க. காட்சிப் பெட்டி 10 மில்லிமீட்டரும், 0.2 மில்லிமீட்டர் வாளி 50 சாய்வும் காட்ட வேண்டும். அதே நீரை இரண்டே நிமிடத்தில் ஊற்றி, எண்ணிக்கை எவ்வளவு குறைகிறது என்றும் காண்க. அன்று பதிவில் ஏறிய பொய் மழையை அழிக்க மறவாதீர்.

ஈரமானியைச் சோதிக்கச் சமையல் உப்பே போதும். உப்பைச் சிறிது நீரில் குழம்பாகப் பிசைந்து, சிறு கிண்ணத்தில் இட்டு, உணரியோடு காற்றுப் புகாத டப்பாவில் ஓரிரவு மூடி வைக்கவும். உப்பு உணரியின்மீது படக்கூடாது. மறுநாள் காலை ஈரப்பதம் நூற்றுக்கு 75-ஐ ஒட்டி நிற்க வேண்டும். ஐந்துக்கு மேல் வேறுபட்டால் உணரியை மாற்றும் காலம் வந்துவிட்டது.

நாள்மழையைத் துறையின் பதிவோடு ஒப்பிடுகையில் கடிகாரத்தையும் நினைவிற் கொள்க. காட்சிப் பெட்டிகள் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை கூட்டுகின்றன; நம் நிலையங்களின் நாள் காலை 8.30-க்குத் தொடங்குகிறது. உலகப் பொது நேரத்தில் அது 3 மணி. பெட்டியிலிருந்து மணிவாரிப் பதிவை எடுத்து மறுபடி கூட்டினாலன்றி இரண்டும் ஒத்துவாரா. இவ்வேறுபாட்டால், தன் கருவி கெட்டதென்று எண்ணிப் பழுதுபார்க்க அனுப்பினவர்களும் உண்டு.

கடைசியாக, கருவி எதுவும் வேண்டாத ஒரு சோதனை. காற்றழுத்தத்தின் ஒரு வாரப் பதிவை வரைபடமாகத் தீட்டுக. நம் நாட்டில், புயலில்லாத நாள்களில், அழுத்தம் காலை 10 மணி அளவிலும் இரவு 10 மணி அளவிலும் உச்சத்தையும், அதிகாலை 4 மணி, மாலை 4 மணி அளவில் தாழ்வையும் அடைகிறது. வேறுபாடு சில ஹெக்டோபாஸ்கலே. ஆயினும் கடல் ஓதத்தைப்போல் தவறாது வரும். கதிரவனின் வெப்பத்தால் வாயுமண்டலம் முழுவதும் நாளிருமுறை அசைவதன் விளைவு இது. தாளில் இவ்விரு மேடும் இரு பள்ளமும் தெளிவாக விழுந்தால் அழுத்தமானியும் கடிகாரமும் சரியாக உள்ளன. உருவம் சரியாயிருந்து மணி மட்டும் தள்ளி நின்றால் கடிகாரத்தைத் திருத்துக. கோடு நடுவில் அறுபட்டிருந்தால் எந்த இரவில் மின்சாரம் போயிற்று என்பதையும் அத்தாளே காட்டும்.